ரத்தம் கொடுத்தவர்களுக்கு முடிவைச் சொல்லுங்கள்

ஆன்டிபாடி ஆய்வுகளைத் திட்டமிடும் பொதுச் சுகாதார அதிகாரிகளுக்கும், அவற்றை நடத்தும் ஆய்வு நிறுவனங்களுக்கும், அவற்றுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவினருக்கும்,

எங்கள் வட்டாரத்தில் அடுத்த ரத்த மாதிரி ஆய்வுக்கு ஆள் எடுக்கிறார்கள். இந்த முறை டெங்குவுக்கு. அதற்கான ஒப்புதல் படிவத்தின் நகலைப் பார்த்தேன். கையெழுத்துப் போடும் இடத்துக்குச் சற்று மேலே, சின்ன எழுத்தில் ஒரு வரி: “பரிசோதனை முடிவுகள் பங்கேற்பாளர்களுக்குத் தனித்தனியாக வழங்கப்படமாட்டாது.” கொரோனா காலத்தில் நான் வீடு வீடாக எடுத்துப்போன படிவத்திலும் இதே வரிதான் இருந்தது. இனி அந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு வீட்டு வாசலில் நிற்க என்னால் முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நான் லேப் டெக்னீஷியன். விழுப்புரம் மாவட்டம். 2020 கடைசியிலும், 2021ல் இரண்டாம் அலை ஓய்ந்த பிறகும், கொரோனா ஆன்டிபாடி ஆய்வுக்காகக் கிராமங்களில் ரத்தம் எடுத்த குழுக்களில் இருந்தேன். ஆன்டிபாடி என்பது கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம். எந்த நிறுவனத்தின் ஆய்வு என்று இங்கே எழுதவில்லை. என் புகார் ஒரு அலுவலகத்தின் மேல் இல்லை, வழக்கத்தின் மேல்.

வேலை எப்படி நடந்தது என்று உங்களில் பலர் நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள். ஜனங்கள் கொல்லை வேலைக்குக் கிளம்புவதற்கு முன் ஊருக்குள் போய்விட வேண்டும். எந்த வீட்டிலிருந்து தொடங்குவது, அடுத்து எத்தனை வீடு தள்ளிப் போவது என்பதெல்லாம் முன்பே எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கும். வீட்டில் இருப்பவர்கள் பெயரையெல்லாம் எழுதி, அதில் ஒருவரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுப்போம். வீட்டுக்காரர் “என் கையில எடுத்துக்கோங்க, அவ வேணாம்” என்றாலும் பெயர் வந்தவரிடம்தான் எடுக்க வேண்டும். கையில் ரப்பர் பட்டை கட்டி, நரம்பு தேடி, ஐந்து மில்லி ரத்தம். மல்லாட்டை உரித்து உரித்து விரல் வெடித்துப்போன கைகள், கரும்பு வெட்டிக் காய்த்த கைகள். டியூபில் ஸ்டிக்கர் ஒட்டி ஐஸ் பெட்டியில் வைப்போம். மதியம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் சிவப்பு அடியில் தங்கி, வெளிர் மஞ்சளாகச் சீரம் மேலே நிற்கும். அதைப் பிரித்துச் சின்னக் குப்பியில் ஊற்றி அனுப்புவோம். அந்த நிமிடத்தில் இருந்து அது ஒரு எண். அந்த எண் யாருடையது என்பது பதிவேட்டில் மட்டும் இருக்கும்.

2020ல் இதற்குச் சம்மதிப்பது லேசான காரியம் இல்லை. பாசிட்டிவ் வந்த வீடுகளின் வாசலில் தகரம் அடித்த காலம் அது. ஆம்புலன்ஸ் வந்து நின்றாலே தெரு முழுக்கக் கதவைச் சாத்தும். “கொரோனா இருக்குன்னு சொல்லி இட்டுக்கினு போயிடுவீங்களா?” என்று கேட்காத வீடே கிடையாது. இது இப்போது நோய் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை இல்லை, முன்பு வந்துபோன தடயம் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது என்று பொறுமையாகச் சொன்னோம். அப்படியும் பயம் முழுதாகப் போகவில்லை. பயத்தோடுதான் கையை நீட்டினார்கள். “ஊருக்கு நல்லதுன்னா எடுத்துக்கோ பாப்பா” என்று சொன்ன ஆயாக்களை எனக்கு நினைவிருக்கிறது.

அந்த ரத்தம் வீண்போகவில்லை. அதையும் நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த ஆய்வுகளே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020 மே, ஜூன் மாதங்களில் நடத்திய முதல் தேசிய ஆய்வில், பெரியவர்களில் 0.73 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி இருந்தது. பார்க்கச் சின்ன எண். ஆனால் கணக்குப் போட்டால், கண்டறியப்பட்ட ஒவ்வொரு தொற்றுக்கும் பின்னால் கண்டறியப்படாதவை 80க்கும் மேல் இருந்தன. தினமும் மாலையில் டிவியில் வந்த எண்ணிக்கை சோதனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை மட்டுமே, நோயின் எண்ணிக்கை இல்லை என்பதை நாட்டுக்குக் காட்டியது அந்த ஆய்வு. 2021 ஜூன், ஜூலையில் நடந்த நான்காவது சுற்றில் ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களில் 67.6 சதவீதம். அதோடு, இன்னும் சுமார் 40 கோடிப் பேருக்குப் பாதுகாப்பு இல்லை என்ற எச்சரிக்கையும் வந்தது.

கேரளத்தின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஜூலையில் நாட்டிலேயே தினசரித் தொற்று அதிகம் பதிவான மாநிலம் அது. எல்லோரும் கேரளத்தைக் குறை சொன்னார்கள். ஆன்டிபாடி ஆய்வு வந்தபோது கேரளத்தில் 44.4 சதவீதம், மத்தியப் பிரதேசத்தில் 79 சதவீதம். ஆன்டிபாடி இருந்தவர்கள் அங்கேதான் குறைவு. வந்த நோயை மற்ற இடங்களைவிட அதிகமாகக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெளிவானது. ரத்தம் எடுக்காமல் இதை யாராலும் சொல்லியிருக்க முடியாது.

சரி, இவ்வளவும் அந்த ரத்தத்தால் தெரிந்தது. கொடுத்தவர்களுக்கு என்ன தெரிந்தது? ஒன்றும் இல்லை. மாநிலத்துக்கு எவ்வளவு, மாவட்டத்துக்கு எவ்வளவு என்று செய்தித்தாளில் வந்தது. எந்த ஊரில் எடுத்தோமோ அந்த ஊருக்கு ஒரு தாள்கூடப் போகவில்லை. நாங்களோ அதே ஊர்களுக்குத் தடுப்பூசி முகாம், காய்ச்சல் முகாம் என்று திரும்பத் திரும்பப் போகிறவர்கள். ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள். உங்கள் அலுவலகத்துக்கு அந்தக் கேள்வி வராது. எங்களிடம்தான் வரும்.

ஒரு அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். 2021 மே மாதம் அவருடைய கணவர் காய்ச்சல், மூச்சுத்திணறலோடு வீட்டிலேயே இறந்துபோனார். எந்த ஆஸ்பத்திரியிலும் படுக்கை இல்லாத நாட்கள். சோதனை எடுக்கவில்லை, அதனால் சான்றிதழில் கொரோனா இல்லை. சில வாரங்கள் கழித்து ஆய்வுக் குலுக்கலில் அந்த வீடு வந்தது, அக்காவின் பெயர் வந்தது. அவர் அதுவரை தடுப்பூசி போட்டுக்கொள்ளவில்லை. ஊசியை எடுத்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “எனக்கு வந்திருந்தா அவருக்கும் அதான் வந்திருக்கும், இல்லமா?” அவருடைய ரத்தம் கணவரின் இறப்புக்குச் சான்று ஆகாது என்று எனக்குத் தெரியும். கொரோனா இறப்புக்கான 50,000 ரூபாய் நிவாரணத்துக்கும் அது செல்லாது. ஆனால் அவர் பணத்துக்காகக் கேட்கவில்லை. தன் வீட்டுக்குள் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளக் கேட்டார். அந்தக் கேள்விக்கு முழுப் பதில் இல்லாவிட்டாலும் பாதிப் பதில் ஒரு கணினியில் இருந்தது. நான் அலுவலகத்தில் கேட்டேன். “மொத்தமாகத்தான் வெளியிடுவோம், தனித்தனியாகச் சொல்ல அனுமதி இல்லை” என்றார்கள். பிறகு எழுதியும் கேட்டேன். பதில் வரவில்லை.

உங்கள் தரப்பில் காரணம் இருக்கிறது. அதை நான் ஒதுக்கவில்லை, சோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவளுக்கு அது நன்றாகவே புரியும். எந்தச் சோதனைக் கிட்டும் நூற்றுக்கு நூறு சரியாகச் சொல்லாது. ஒரு ஊரில் ஆயிரம் பேர், அதில் பத்துப் பேருக்குத்தான் தொற்று வந்துபோயிருக்கிறது என்று வையுங்கள். தொற்றே வராதவர்களில் 98.5 சதவீதம் பேரைச் சரியாக ‘இல்லை’ என்று சொல்லும் கிட் நல்ல கிட்தான். ஆனாலும் மீதமுள்ள 990 பேரில் 15 பேருக்குத் தப்பாக ‘இருக்கிறது’ என்று காட்டிவிடும். அதாவது பாசிட்டிவ் வந்தவர்களில் பாதிக்கு மேல் தப்பு. 2020 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா மாவட்ட ஆய்வின் மேல் எழுந்த பெரிய விமர்சனம் இதுதான். 3,330 பேரில் 50 பேருக்குப் பாசிட்டிவ், அந்த ஐம்பதில் எத்தனை நிஜம் என்ற சண்டை பல மாதங்கள் ஓடியது. மொத்தக் கணக்கில் இந்தப் பிழையைக் கணிதத்தால் சரிசெய்துவிடலாம். தனி ஆளின் முடிவில் சரிசெய்ய முடியாது. பாசிட்டிவ் என்று தெரிந்தவர் இனி எனக்கு வராது என்று மாஸ்க்கைக் கழற்றிவிடுவார், தடுப்பூசிக்கு வரமாட்டார் என்ற பயமும் உங்களுக்கு இருந்தது. நியாயமான பயம்.

ஆனால் எண்ணைத் தப்பாகப் புரிந்துகொள்வது ஊர் ஜனங்கள் மட்டுமா? பிரேசிலின் மனாஸ் நகரத்தில் ரத்த தானம் செய்தவர்களின் மாதிரிகளை வைத்து, 2020 அக்டோபருக்குள் 76 சதவீதம் பேருக்குத் தொற்று வந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். இனி அங்கே பெரிய அலை வராது என்று படித்தவர்களே நம்பினார்கள். 2021 ஜனவரியில் அதே நகரத்து மருத்துவமனைகளில் ஆக்சிஜன் இல்லாமல் மக்கள் செத்தார்கள். நம் மாநில அரசின் ஆய்விலும் முதல் சுற்றில் சுமார் 32 சதவீதமாக இருந்தது 2021ல் நடந்த அடுத்த சுற்றில் 29 ஆகக் குறைந்தது. தொற்று பரவிக்கொண்டே இருக்கும்போது வந்துபோனவர்களின் எண்ணிக்கை எப்படிக் குறையும்? குறையாது. ரத்தத்தில் ஆன்டிபாடியின் அளவு மாதங்கள் போகப்போக இறங்கும், சில கிட்டுகள் அந்தக் குறைந்த அளவைப் பிடிக்காது. இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்காக அந்த எண்ணை யாரும் மறைத்துவைக்கவில்லை, விளக்கத்தோடு வெளியிட்டார்கள். மாநிலத்துக்குச் செய்ததை ஒரு தனி மனுஷிக்குச் செய்யக் கூடாதா?

சர்க்கரை அளவு, கொலஸ்ட்ரால், தைராய்டு என்று எத்தனையோ முடிவுகளை இந்த ஜனங்கள் வாங்கிப் பார்க்கிறார்கள். மூன்று மாதச் சர்க்கரைக்கும் வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கும் என்ன வித்தியாசம் என்று எங்கள் சுகாதார நிலையத்தில் வரிசையில் நிற்கும் தாத்தாவுக்குத் தெரியும். யாரோ உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததால் தெரியும். ‘உங்கள் ரத்தத்தில் தடயம் இருந்தது; அதனால் இனி வராது என்று அர்த்தம் இல்லை; இந்தச் சோதனை சில சமயம் தப்பாகவும் காட்டும்; தடுப்பூசியை விடாதீர்கள்’ என்று நான்கு வரி தமிழில் எழுதினால் அவருக்குப் புரியாது என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்?

டெங்குவில் இந்த விஷயம் இன்னும் முக்கியம். கொரோனாவில் உங்கள் முடிவு தெரிந்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்கலாம். டெங்குவில் அப்படிக் கேட்க முடியாது. ஒருமுறை ஒரு வகை டெங்கு வந்தவருக்கு அடுத்து வேறு வகை வந்தால் ஆபத்து கூடும். முதல் டெங்கு தடுப்பூசியே இந்த இடத்தில்தான் சறுக்கியது. பிலிப்பைன்ஸில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் போட்ட பிறகு, முன்பு டெங்கு வராதவர்களுக்கு அந்த ஊசியால் பின்னாளில் தீவிர நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று 2017 கடைசியில் தெரிந்து, திட்டத்தையே நிறுத்தினார்கள். போடுவதற்கு முன் ஆன்டிபாடி பார்த்துவிட்டுப் போடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2018ல் சொன்னது. 2017-18ல் நடந்த தேசிய ஆய்வில் நாட்டின் தென்பகுதியில் முக்கால்வாசிப் பேருக்கு டெங்கு வந்துபோன தடயம் இருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பிள்ளையின் ரத்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, தாயிடம் சொல்லாமல் எண்ணாக மட்டும் எடுத்துக்கொண்டு போவது எப்படிச் சரியாகும்? ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு வந்த ஆன்டிபாடியை டெங்குவுடையது என்று சோதனை காட்டிவிடக்கூடும் என்பீர்கள். அதையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முடிவு ஊருக்குத் திரும்பாததால் ஆய்வில் உள்ள ஓட்டையும் ஊருக்குத் தெரியாமல் போகிறது. சென்னையில் 2020 ஜூலையில் நடந்த ஆய்வில் நகரம் முழுதுக்கும் 21.5 சதவீதம். ஆனால் தண்டையார்பேட்டை மண்டலத்தில் 44.2, மாதவரத்தில் 7.1. மும்பையில் மூன்று வார்டுகளில் பார்த்தபோது குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம், மற்ற இடங்களில் 16. நெருக்கமாக வாழ்கிறவர்கள் யார், வேலைக்குப் போயே ஆக வேண்டியவர்கள் யார் என்பது அந்த வித்தியாசத்தில் இருக்கிறது. கிராமத்தில் அதுவே ஊருக்கும் காலனிக்கும் உள்ள தூரம். நான் போன சில கிராமங்களில், தொடங்கும் வீடு கோயில் தெருவில் குறிக்கப்பட்டிருந்தது. வீடு எண்ணிக்கொண்டே போனால், ரோட்டைத் தாண்டி இருக்கும் காலனிக்குப் போய்ச் சேர்வதற்குள் அன்றைய எண்ணிக்கை முடிந்துவிடும். பட்டியலில் அந்தக் கிராமம் ‘முடிந்தது’. முடிவை கிராம சபையில் படித்திருந்தால் “எங்க தெருவுக்கு நீங்க வரவே இல்லையே” என்று யாராவது எழுந்து கேட்டிருப்பார்கள். அப்படிக் கேட்க வைப்பதுதான் ஆய்வைத் திருத்தும் வழி.

கதவைச் சாத்தியவர்களின் கணக்கும் இப்படித்தான். மறுத்தவர்களைக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவோம். காய்ச்சல் வந்து மறைத்தவர்கள்தான் அதிகம் மறுத்தார்களா என்பது முடிவையே மாற்றக்கூடிய கேள்வி. இரண்டாவது முறை போனபோது, முதல் முறை ரத்தம் கொடுத்த தெருவிலேயே மறுப்பவர்கள் கூடியிருந்தார்கள். “போன தடவ எடுத்தீங்களே, என்ன ஆச்சு?” என்று கேட்டார்கள். எங்களிடம் பதில் இல்லை. நம்பிக்கை போய்விட்டால் நாளை இன்னொரு வைரஸ் வரும்போது எந்தக் கிட்டாலும், எந்தக் கணிதத்தாலும் அந்த மாதிரியைச் சரிக்கட்ட முடியாது.

ஆய்வின் பலன் பங்கேற்றவர்களையும் அவர்கள் சமூகத்தையும் போய்ச் சேர வேண்டும் என்பது ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறை வழிகாட்டியிலேயே இருக்கிறது. நான் புதிதாக எதையும் கேட்கவில்லை.

நான் கேட்பது இதுதான்.

டெங்கு ஆய்வுப் படிவத்தில் இருந்து அந்த வரியை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் ‘என் முடிவு எனக்குத் தெரிய வேண்டும்’, ‘வேண்டாம்’ என்று இரண்டு கட்டம் போடுங்கள். வேண்டாம் என்பவரை வற்புறுத்த வேண்டியதில்லை. வேண்டும் என்பவருக்கு ஒட்டிய உறையில், தமிழில், என்ன இருந்தது, அதற்கு என்ன அர்த்தம், என்ன அர்த்தம் இல்லை என்று ஒரு தாள் கொடுங்கள். பிரஷர் மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் வாசல் வரை கொண்டுபோய்க் கொடுக்க ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் இருக்கிறார்கள். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்ட கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார். இதற்கு ஆகும் செலவையும் எங்கள் கூடுதல் வேலைக்கான கூலியையும் ஆய்வின் பட்ஜெட்டிலேயே சேர்த்துவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

ஊரின் முடிவை அடுத்து வரும் கிராம சபையில் படியுங்கள். ஆள் அடையாளம் தெரியாதபடி, எத்தனை பேரிடம் எடுத்தோம், எத்தனை பேர் மறுத்தார்கள், எந்தெந்தத் தெருவுக்குப் போனோம் என்பதைச் சொல்லுங்கள். காலனியும் ஊரும் இருக்கும் கிராமத்தில் இரண்டிலும் மாதிரி எடுப்பதை விதியாக எழுதுங்கள்.

எந்தக் கிட், எந்த ஆன்டிபாடி, எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை முடிவோடு சேர்த்தே வெளியிடுங்கள். கொரோனாவில் இதன் குழப்பம் நமக்குத் தெரியும். கோவிஷீல்டு போட்டவருக்கு வைரஸின் முள் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி மட்டும் வரும், கோவாக்சின் முழு வைரஸைச் செயலிழக்கச் செய்து தயாரித்தது என்பதால் மற்றப் புரதங்களுக்கும் வரும். எதைச் சோதித்தோம் என்று சொல்லாவிட்டால் தடுப்பூசியால் வந்ததா, நோயால் வந்ததா என்று யாராலும் பிரித்துப் பார்க்க முடியாது. பெயர் நீக்கிய மூலத் தரவை எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள்.

பழைய மாதிரிகள். 2020லும் 2021லும் நாங்கள் எடுத்த சீரம் எங்கே இருக்கிறது, இன்னும் எத்தனை காலம் வைத்திருப்பீர்கள் என்று சொல்லுங்கள். வேறு சோதனைக்கு அதைப் பயன்படுத்துவதாக இருந்தால் உரியவரிடம் மறுபடி கேளுங்கள். எண்ணையும் பெயரையும் இணைக்கும் பதிவேட்டை அழிப்பதற்கு முன், கேட்டு வருகிறவர்களுக்கு அவர்கள் முடிவைக் கொடுக்க ஆறு மாதம் அவகாசம் தாருங்கள். நான் சொன்ன அக்கா இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார்.

டெங்கு ஆய்வின் படிவம் அச்சுக்குப் போவதற்கு முன் இவற்றுக்கு எழுத்துமூலமாகப் பதில் வேண்டும். எதையாவது செய்ய முடியாது என்றால், ஏன் முடியாது என்ற காரணத்தையும் தமிழில் எழுதித் தாருங்கள். கேட்கும் வீடுகளில் நான் அதையே படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
விழுப்புரம் மாவட்டத்திலிருந்து ஒரு லேப் டெக்னீஷியன்